மாதாவைத் தனியே விடக் கூடாது

எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கொஞ்சம் பழகியதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடம் இருந்த மனுசன், கொட்டாஞ்சேனைக்கு வந்து எப்படி வேதத்தில், அதாவது கத்தோலிக்கத்தில், சேர்ந்தீர்கள், என்ன புதுமை நடந்தது? கேட்கும்போதே கண் அகன்றுவிடும். டொக்டர் கைவிட்ட ஒருவர் எழும்பி நடந்த கதை வரப்போகிறது என்று எதிர்பார்ப்பார்கள். புதுமை ஒன்றும் நடக்கவில்லை, என் மனைவி செத்துப்போனாள் என்பேன். அதோடு கேள்வி நின்றுவிடும். எனக்கு வாய் கொஞ்சம் கரடுமுரடு. அவளும் இதைத்தான் காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்தாள்.

கேட்டவர்களை அப்படி அனுப்புவது நியாயமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கொழும்பின் தென்பக்கம், வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கடல் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல். கரையோர ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் நேரம் சொல்லுவாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். கீழ்மாடியில் டியூசன் வகுப்பு. பின்னேரத்தில் பிள்ளைகள் படிக்கட்டில் போடும் கூச்சலுக்கு நான் மேலே நின்று அதட்டுவேன். அவள் அதே பிள்ளைகளுக்குத் தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்துக் கொடுப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வீதியில் ஒரு புடவைக்கடை விடாமல் ஏறி இறங்கி, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வருவோம். அவளுக்கு அது பொழுதுபோக்கு, எனக்குத் தண்டனை. இன்றைக்கு யாராவது அந்தத் தண்டனையைத் தந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

டொலர் இல்லை என்று நாடே படுத்த வருடம் வந்தது. நான் கொழும்புக் கோட்டையில் ஓர் இறக்குமதிக் கொம்பனியில் கப்பல் சாமான்களுக்கான பத்திரங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். கப்பல் வராவிட்டால் பத்திரம் எதற்கு? கொம்பனியை மூடினார்கள். அடுத்த மாதம் அவளுடைய மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள் என்றார்கள். ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். வெள்ளவத்தை வாடகை இனிக் கட்டாது என்று கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடிக்கு மாறினோம். ஒரு கூடம், ஓர் அறை, வெளியே ஏறிவர ஒரு படிக்கட்டு. அறைக்குள் காற்று வராதபடியால் அவளுடைய கட்டிலைக் கூடத்தில் போட்டோம்.

வந்த முதல் மாதமே நான் அந்த ஒழுங்கையில் பாதிப் பேருடன் சண்டை பிடித்துவிட்டேன். படிக்கட்டின் வாயில் முச்சக்கர வண்டியை நிறுத்தியவருடன், விடியற்காலையில் பாட்டுப் போட்டவருடன், ஏன், மாதா கோயில் மணி ஏன் இவ்வளவு சத்தமாக அடிக்கிறது என்று கீழ்வீட்டாருடன்கூட. ஒருவரும் திருப்பிப் பேசவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நாலு சுவரோடும் சண்டை பிடிக்கிற மனுசன் என்று அவள் கட்டிலில் கிடந்தபடி கேலி செய்வாள். வெள்ளவத்தையிலிருந்து கொண்டுவந்த சாமிப் படங்களுக்கும் நான் விளக்கேற்றுவதை நிறுத்தியிருந்தேன். அவர்களுடனும் எனக்குக் கதை இல்லை.

இனி நான் செய்த ஈனத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அப்படி ஒரு வேலையே இல்லை. தினமும் காலையில் சேர்ட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கஞ்சியும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் வைத்துவிட்டு, பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன். தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் உட்காருவேன். இரத்மலானைப் பக்கம் போகிற ரயில்களையும் வருகிற ரயில்களையும் பார்த்துக்கொண்டு பின்னேரம் வரை இருப்பேன். பிறகு வேலை முடிந்த ஆள் போல வீட்டுக்கு வருவேன். அவள் குடித்த கஞ்சியைச் சத்தியெடுப்பதையும், சீப்பில் கொத்தாக மயிர் வருவதையும், வாய் புண்ணாகித் தண்ணீர் குடிக்கும்போது முகம் சுருங்குவதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அவளை விட்டு ஓடினேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள், பொழுதுபடும் நேரம், மின்வெட்டு. அது ஊசி ஏற்றிய கிழமை, அவளால் எழும்ப முடியாது. நான் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து சற்று நேரம்தான். ஒழுங்கையில் பாட்டுச் சத்தம் கேட்டது. சத்தம் கிட்டக் கிட்ட வந்து எங்கள் படிக்கட்டில் ஏறியது. கதவைத் திறந்தால் வாசலில் இருந்து கீழே தெருவரைக்கும் ஆட்கள், கையில் மெழுகுவர்த்தி. முன்னால் ஒருவர் நீல முக்காடு போட்ட மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், நான் முச்சக்கர வண்டிக்காகச் சண்டை பிடித்த அதே ஆள். பக்கத்தில், ஒழுங்கைச் செபக் கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற டீச்சர், கையில் ஒரு கடதாசியுடன்.

அந்த மாதம் அவர்களுக்குச் செபமாலை மாதம். மாதா ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போவார், ஒரு நாள் தங்குவார், அடுத்த நாள் பொழுதுபடும்போது அடுத்த வீட்டுக்கு. எந்த நாள் எந்த வீடு என்று டீச்சர் வீட்டு இலக்கங்களை வைத்துத்தான் எழுதுவார். ஆட்களின் பெயர் இராது. போன வருடத்துக் கடதாசியைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். எங்களுக்கு முதல் மேல்மாடியில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம் இத்தாலிக்குப் போய்விட்டது அவருக்கு நினைவில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் எனக்கு ஏறியது கோபம் மட்டும்தான்.

"வீடு மாறி வந்திட்டியள். நாங்கள் சைவம். அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோங்கோ," என்றேன்.

டீச்சர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லிஸ்ட்டில இந்த நம்பர்தான் இருக்கு சேர். மன்னிச்சுக்கோங்க. நாங்க தெரியாம..." என்று தடுமாறினார். பின்னால் பாட்டு ஒவ்வொரு வரிசையாக நின்றுபோனது.

உள்ளேயிருந்து அவளுடைய குரல் வந்தது. "ஆர் வந்திருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. இவை மாதாவைக் கொண்டு வந்து நிக்கினம், மாறி வந்திட்டினம்."

"வீட்டுக்கு வந்தவவை வாசல்ல மறிச்சு வைச்சுக்கொண்டே கதைக்கிறியள்? உள்ள கூட்டிக்கொண்டு வாங்கோ."

கிரேன்காரருக்கு அது போதுமாக இருந்தது. என்னைச் சற்று விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சுரூபத்தை வைக்க இடமில்லை. கட்டிலுக்குப் பக்கத்து மேசை முழுக்க மருந்து. அவள் தலையணையில் ஒருக்களித்துப் படுத்தபடி கட்டளை போடத் தொடங்கினாள். மருந்தை அள்ளி அந்தப் பக்கம் வையுங்கோ. வெள்ளைத் துணி அலுமாரியில இருக்கு, விரியுங்கோ. சும்மா இருத்துறதோ, விளக்கை ஏத்துங்கோ. சாமித் தட்டை எடுத்து ஆலாத்தி காட்டுங்கோ. மாதக் கணக்கில் அவளுடைய குரல் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. அவள் சொன்னபடியெல்லாம் செய்தேன். சுவாமி வீதி உலா வந்து வாசலில் நின்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் கை தானாகச் செய்தது. கற்பூரம் காட்டினேன். காட்டி முடித்த கையோடு சந்தனத்தைக் குழைத்து மாதாவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டேன்.

எல்லோரும் மாதாவின் நெற்றியையே பார்த்தார்கள். அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. டீச்சர் கைக்குட்டையை எடுத்து நனைக்கத் தண்ணீர் தேடினார். கிரேன்காரர் அவருடைய கையைத் தடுத்தார்.

"விடுங்க டீச்சர். அம்மாவுக்குப் பொட்டு நல்லாத்தான் இருக்கு. துடைச்சா அவங்களுக்குக் கோவம் வரும்."

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, என் மனைவிக்கும். வாய்ப்புண் நோக, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர்கள் செபமாலை சொன்னார்கள். படிக்கட்டில் நின்றவர்கள் சொன்ன பாதி உள்ளே நின்றவர்களின் பாதிக்குப் பதிலாக வந்துகொண்டிருந்தது. நான் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்று நின்றேன்.

போகும்போது டீச்சர் சொன்னார். "நாளைக்குப் பொழுதுபட வந்து எடுப்போம் சேர். ஒண்ணே ஒண்ணுதான். மாதாவைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. வீட்டுக்காரர் யாராவது ஒருத்தர் பக்கத்தில இருக்கணும். இது எங்க ஒழுங்கையில பழைய வழக்கம்."

மனைவி இருக்கிறா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "இவர் நிப்பார்," என்றாள்.

அத்தனை பேருக்கு முன்னால் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் சேர்ட்டைப் போட்டுவிட்டு, பிறகு கழற்றினேன். சாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலடியில் வந்து இருந்தேன். எங்களிடம் உட்கார ஒரே ஒரு நல்ல கதிரைதான் இருந்தது. பின்னேரங்களில் நான் வீட்டுக்கு வரும்போது அது எப்போதும் கூடத்தின் நடுவில் கிடக்கும். "இதை ஏன் வழியில இழுத்துப் போடுறீர்?" என்று ஏசிக்கொண்டு மேசையடியில் கொண்டுபோய் வைப்பேன். அடுத்த நாள் வந்தால் மறுபடியும் நடுவில் கிடக்கும். அன்று பத்து மணியளவில் அவள் கட்டிலில் இருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மேசைவரை போய், அந்தக் கதிரையை இழுக்கத் தொடங்கினாள்.

"எங்க இழுக்கிறீர்? நான் எடுத்துத் தாறன்," என்றேன்.

"நடுவில வையுங்கோ. கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு ஒரே மூச்சில போக ஏலாது. இதில கொஞ்சம் இருந்திட்டுத்தான் மிச்சம் நடக்கிறனான்."

ஒவ்வொரு நாளும் அவள் பாதி வழியில் இளைப்பாற வைத்த கதிரையை ஒவ்வொரு பின்னேரமும் நான் எடுத்து மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு காலையும் நான் கடலைப் பார்க்கப் போன பிறகு அவள் அதை மறுபடி இழுத்திருக்கிறாள். ஒரு நாளாவது அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் ஏன் என்று கேட்பேன், கேட்டால் அவள் எவ்வளவு பலவீனமாகிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் வந்து படுக்கவைத்தேன். ஃபிளாஸ்க் மூடியை நான் இறுக்கி மூடுவேன், அவளால் திறக்க முடியாது, அதனால் பல நாள் தேநீரே குடிக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப் போட்டு, கஞ்சியை ஆறவைத்து ஊட்டினேன். நாலைந்து கரண்டி போனது. அவள் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"லொட்ஜில வேலை செய்யிற மனுசன்ர சப்பாத்துக்குள்ள கடல் மண் எப்பிடி வருது?"

நடக்க முடிந்த நாட்களில் என் சப்பாத்தைத் துடைத்து வைப்பது அவள்தான். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும்."

"பிறகேன் கேக்கேல்ல?"

"கேட்டா நீங்கள் வெக்கத்தில அங்கயும் போகமாட்டியள். உங்களுக்கும் எங்கயாவது போய் இருக்க ஒரு இடம் வேணும்தானே எண்டு விட்டனான்."

நான் அழுதேன். ஐம்பத்தெட்டு வயது மனுசன், கரண்டியும் கோப்பையும் கையில் இருக்க, விம்மி விம்மி அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணயர்ந்தாள். மின்விசிறி நின்றிருந்தது, கூடம் வெக்கையில் வெந்தது. பொட்டு வைத்த மாதா மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் நின்றார். எந்தக் கடவுளுடனும் கதைப்பதில்லை என்று இருந்தவன் வாய்விட்டுச் சொன்னேன். "நான் ஓடிப்போறன் அம்மா. எனக்கு ஏலாமல் கிடக்கு."

அதற்கு ஒரு பதிலும் வரவில்லை. மின்சாரம்கூட வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு அந்தக் கதிரையில் இருக்க முடிந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் மாதக் கணக்கில் தேடியும் கிடைக்காத ஒரு அமைதி எனக்குக் கிடைத்தது. இதை இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியாது.

பொழுதுபட அவர்கள் வந்தார்கள். தங்கிய வீட்டுக்காரர்தான் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். கிரேன்காரர் சுரூபத்தை எடுத்து என் கையில் தந்தார். நினைத்ததைவிடப் பாரம். படியிறங்கும்போது விழுத்திவிடுவேனோ என்று ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்தேன். கீழ்வீட்டுப் பெண் மேலே வந்து, நான் திரும்பி வரும்வரை அவளுடன் இருப்பதாகச் சொன்னார். நான் சண்டை பிடித்த ஒழுங்கை முழுக்க எனக்குப் பின்னால் பாடிக்கொண்டு வந்தது. அந்த மாதம் முழுவதும் மாதா பொட்டோடுதான் வீடு வீடாகப் போனார், ஒருவரும் துடைக்கவில்லை. இன்றைக்கும் நெற்றியில் மங்கலாக ஒரு மஞ்சள் கறை இருக்கிறது.

அதன் பிறகு நான் வெள்ளவத்தைக்குப் போகவில்லை. டீச்சரிடம் ஒரு செபப் புத்தகம் வாங்கி, பின்னேரங்களில் நாங்கள் இரண்டு பேரும் தட்டுத் தடுமாறிச் செபமாலை சொன்னோம். அவள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் சொல்லுவாள். மாதாவிடம் இப்போதும் மரண வேளையிலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிற அந்தச் செபம் எனக்கு ஒரு நாள் உதைத்தது.

"ரெண்டு நேரத்துக்குத்தானே கேக்கினம். இப்ப, பிறகு சாகிற நேரம். நடுவில கிடக்கிறதுக்கு ஆர் கேக்கிறது?" என்றேன்.

"நடுவிலதான் நீங்கள் இருக்கிறியளே," என்றாள்.

இயேசு பிறந்த நத்தார் நாளில் கிரேன்காரர் வீட்டிலிருந்து கேக் வந்தது. ஒரு விரல் நுனி அளவு சாப்பிட்டுவிட்டு, முந்திரி காணாது என்று குறை சொன்னாள். அவ்வளவு சந்தோசமான நத்தார் எனக்குப் பிறகு வரவில்லை.

அவள் போன பிறகுதான் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகத் தொடங்கினேன். ஒரு நாள் சுவாமியார் பிரசங்கத்தில், இயேசு பிடிபட்டதும் கூட இருந்தவர்கள் எல்லோரும் ஓடிப்போனதைச் சொன்னார். உயிர்த்த பிறகு அவர் தேடிப்போனதும் அந்த ஓடிப்போனவர்களைத்தான். ஏன் ஓடினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், சமாதானம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாராம். மற்றவர்களுக்கு அது பழகின பிரசங்கம். எனக்கு அப்படி இல்லை. என் வீட்டிலும் ஒருத்தி அப்படிக் கேட்காமல் இருந்தாளே. அவளைத் தெரிந்தபடியால் அவரை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அடுத்த வருடம் ஞானஸ்நானம் எடுத்தேன். வெள்ளவத்தையில் இருக்கும் அவளுடைய தம்பி படியேறி வந்து, அக்கா சைவமாகத்தான் செத்தவ, நீங்கள் இப்பிடிச் செய்யலாமோ என்று கத்திவிட்டுப் போனார். நான் பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று தரம் வந்து, சும்மா இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது மாதா போகும் வீடுகளின் லிஸ்ட்டை எழுதுவது நான். டீச்சருக்குக் கண் தெரியவில்லை. இன்னொரு வேலையும் உண்டு. ஒழுங்கையில் நோயாளி இருக்கிற வீடுகளில், வீட்டுக்காரர் கடைக்கோ வங்கிக்கோ போய்வரும்வரை நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். செபம் கேட்டால் சொல்லுவேன், கேட்காவிட்டால் பேப்பர் வாசிப்பேன். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்ப்பதில்லை. ஃபிளாஸ்க் மூடியை மட்டும் தளர்த்திவிட்டு வருவேன்.

அவள் போனது தைப்பொங்கல் முடிந்து இரண்டு கிழமையில். ஒரு பின்னேரம், மூன்று மணி இருக்கும். காலையில் கீழ்வீட்டுப் பெண், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் வெளியே காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று சொன்னார். நான் போகவில்லை. அவள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். ஏதோ சொன்னாள், விளங்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். "இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள். கண் மூடியிருந்தது, ஆனால் வாயோரத்தில் அந்தக் கேலி இருந்தது.

"இல்லை," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு நின்றது. கதிரை கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. நான் அதில் இருந்தேன்.